உருளைக்கிழங்கு அவித்த தமிழ் மணியும் மாவோரிகளின் பெயருள்ள பொக்கிஷங்களும்

முழுநேர வேலையை விட்டுவிட்டுச் சுயாதீனமாக எழுதத் தொடங்கிய புதிதில், ‘500 ஆண்டுகளுக்கு முன்பே நியூசிலாந்தை எட்டிய தமிழர்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினேன். நான் எழுதியவற்றில் அதிகம் பகிரப்பட்டது அதுதான். பல மாதங்கள் கழித்தும் என் பெயர் வெட்டப்பட்ட நிலையில் அது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் நான் காட்டிய ஒரே ஆதாரம் ஓர் உடைந்த வெண்கல மணி.

ஒக்லாந்தில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்யும் என் ஒன்றுவிட்ட அக்கா அதை வாசித்துவிட்டு அழைத்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“எல்லாம் சரியடி. அந்த மணியைச் சட்டியா வைச்சுக் கிழங்கு அவிச்ச பொம்பிளையள் ஆர்? அவையைப் பற்றி ஒரு வரி இல்லையே” என்றார்.

ஊடகக் கற்கையில் பட்டம் பெற்ற எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. இந்தக் கட்டுரை ஒருவகையில் அந்தப் பழைய கட்டுரைக்கான திருத்தம். மணியிலிருந்து தொடங்கி, அது கிடைத்த மண்ணின் மக்கள் எவற்றைத் தங்கள் பொக்கிஷங்கள் என்கிறார்கள், ஏன் அவற்றைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று தேடி வாசித்ததன் விளைவு இது.

முதலில் மணி. 1836 அளவில் வில்லியம் கொலென்சோ என்ற ஆங்கிலேய மிஷனரி, நியூசிலாந்தின் வடக்கே ஃபங்காரெய் பகுதியில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு அவிப்பதைக் கண்டார். அது பாத்திரமல்ல, விளிம்பு உடைந்த ஒரு மணியின் மேற்பகுதி. புயலில் சாய்ந்த பெரிய மரமொன்றின் வேருக்கடியில் கிடைத்ததாகவும், நெடுங்காலமாகத் தங்களிடம் இருப்பதாகவும் அவர்கள் சொன்னார்கள். கொலென்சோ ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். மணியைச் சுற்றி ஓடும் எழுத்துகள் தமிழ் என்பது பின்னர் தெரியவந்தது. முகையதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்பதே அதன் பொருள். கொலென்சோ 1899இல் இறந்தபோது மணி அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்று அது வெலிங்டனில் உள்ள தே பாப்பா தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

மணி சொல்வது இவ்வளவுதான்: தமிழ் எழுதத் தெரிந்த ஓர் உலகில் ஒரு முஸ்லிம் கப்பல் உரிமையாளர் இருந்தார், அவருடைய கப்பலுக்கு ஒரு மணி இருந்தது. அந்த மணி யாருடைய கையில், எந்தக் கப்பலில், எத்தனை கை மாறி அங்கே போனது என்பதை அது சொல்லவில்லை. ‘எட்டிய தமிழர்’ என்பது மணியில் இல்லை, என் தலைப்பில்தான் இருந்தது. அந்தப் பெருமையிலும் முகையதீன் என்ற பெயரை நான் நான்காவது பந்திக்குத் தள்ளியிருந்தேன் என்பதை இப்போது வாசிக்கும்போது கவனிக்கிறேன்.

‘ஙா’ என்று முடியும் ஒரு சொல்

மாவோரி மொழியில் பொக்கிஷத்துக்கு ‘தாஒஙா’ என்று சொல்வார்கள். ஆங்கிலம் பேசுவோர் இந்தச் சொல்லின் கடைசி எழுத்தோடு திண்டாடுவார்கள். எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அரிச்சுவடியில் எழுதிப் பழகிவிட்டுப் பிறகு வாழ்நாளில் தொடாத ‘ங’ வரிசை கடைசியில் ஓரிடத்தில் பயன்படுகிறது.

பொக்கிஷம் என்று மொழிபெயர்த்தாலும் அந்தச் சொல் அதைவிட அகலமானது. 1840 பெப்ரவரி 6ஆம் திகதி பிரித்தானிய முடியும் மாவோரித் தலைவர்களும் கையெழுத்திட்ட வைத்தாங்கி ஒப்பந்தத்தின் மாவோரிப் பிரதி, தலைவர்களுக்கு அவர்களுடைய நிலங்கள், ஊர்கள், ‘தாஒஙா’ அனைத்தின் மீதும் முழு அதிகாரத்தை உறுதிசெய்கிறது. ஆங்கிலப் பிரதி அந்த இடத்தில் காடு, மீன்பிடி, ஏனைய உடைமைகள் என்று பேசுகிறது. 500க்கும் மேற்பட்ட தலைவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒப்பமிட்டது மாவோரிப் பிரதியில். இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் 1980களில் மாவோரிகள் தங்கள் மொழியே ஒரு தாஒஙா என்று வைத்தாங்கி தீர்ப்பாயத்தில் வாதிட்டார்கள். 1986இல் தீர்ப்பாயம் அதை ஏற்றுக்கொண்டது, 1987இல் மாவோரி மொழி சட்டப்படி அரசகரும மொழியானது.

ஆக, கையில் எடுக்கக்கூடிய பொருளும் தாஒஙாதான், மொழியும் ஆறும் தாஒஙாதான். ஆனால் ஒரு பொருள் அழகாகவோ பழையதாகவோ இருப்பதால் மட்டும் தாஒஙா ஆகிவிடாது. அது எந்த மூதாதையருடையது, யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தச் சந்தர்ப்பத்தில் போனது என்று சொல்லும் வம்சக் கதை அதோடு இருக்க வேண்டும். பல தாஒஙாக்களுக்குச் சொந்தப் பெயர் உண்டு. மரணச் சடங்குகளில் அவற்றை இறந்தவருக்கு அருகில் வைப்பார்கள், அவற்றோடு பேசுவார்கள், அழுவார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு மூதாட்டி சிலையொன்றைப் பெயர் சொல்லி அழைத்து அழுவது அங்கே வியப்பான காட்சி அல்ல. அவர் பார்ப்பது சிலையை அல்ல, பாட்டனை.

இதைப் புரிந்துகொள்ள அவர்களுடைய ஒரு கதை உதவியது. மரச் சிற்பக்கலை எப்படி மனிதருக்கு வந்தது என்று வடதீவின் கிழக்குக் கரையில் சொல்லப்படும் கதை அது. ருஆத்தெபுபுக்கே என்பவருடைய மகனைக் கடற்தெய்வமான தாங்கரோவா பிடித்துக்கொண்டு போய், கடலுக்கடியில் உள்ள தன் வீட்டின் கூரை முகப்பில் சிற்பமாக நிறுத்திவிடுகிறார். மகனைத் தேடி நீருக்குள் இறங்கிய தகப்பனுக்குப் பேச்சுக்குரல் கேட்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் ஆட்கள் இல்லை. செதுக்கப்பட்ட தூண்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. அவர் வீட்டுக்குத் தீவைத்துவிட்டு, மகனையும் வீட்டின் வெளிப்புறத்தில் இருந்த சில தூண்களையும் எடுத்துக்கொண்டு கரையேறுகிறார். பேசத் தெரிந்தவை உள்ளே இருந்த தூண்கள். அவர் கொண்டுவந்த வெளித்தூண்கள் பேசாதவை. அதனால்தான் மனிதர் செதுக்கும் சிற்பங்கள் வாய் திறப்பதில்லை என்கிறது கதை. அவற்றுக்காக யாரேனும் பேச வேண்டும்.

கல்லுக்கு ஒரு வரைபடம்

தாஒஙாக்களில் வெளியுலகுக்கு அதிகம் தெரிந்தது பவுனமு எனப்படும் பச்சைக்கல். கழுத்தில் அணியும் ‘ஹெய் டிக்கி’ உருவமும், தலைவர்கள் கையில் ஏந்தும் ‘மெரெ’ என்ற குட்டையான தட்டை ஆயுதமும் இதில் செய்யப்படுபவை. உலோகம் அறியாத காலத்தில் இந்தக் கல்லை மணற்கல்லாலும் தண்ணீராலும் தேய்த்தே வடிவமைத்தார்கள். கண்ணாடிபோல் நொறுங்காத, உள்ளே நார் நாராகப் பின்னிய கல் அது. ஒரு மெரெ செய்து முடிக்க மாதக்கணக்கில், சிலவேளை அதற்கும் மேலாகக் காலம் போனது. செய்தவர் பெயர், வைத்திருந்தவர் பெயர், அது கண்ட போர்கள், அது முடித்துவைத்த பகைகள் எல்லாம் சேர்ந்துதான் அதன் பெறுமதி. சமாதானம் பேசி முடித்ததற்கு அடையாளமாக மெரெயைக் கைமாற்றுவதும் உண்டு.

பவுனமு எப்படி வந்தது என்பதற்கும் கதை உண்டு. பூத்தினி என்ற நீர்வாழ் பிராணி, வடதீவுக் கரைக்கு அப்பாலுள்ள தூஹுவா தீவில் குளித்துக்கொண்டிருந்த வைத்தாயிக்கி என்ற பெண்ணைக் கடத்திக்கொண்டு ஓடுகிறது. அவளுடைய கணவன் தமா-அஹுவா துரத்துகிறான். குளிரில் நடுங்கும் அவளுக்காகப் பூத்தினி வழியில் ஒவ்வோர் இடத்திலும் தீ மூட்டுகிறது. கணவன் வந்து சேரும்போது சாம்பல்தான் மிஞ்சியிருக்கிறது. கடைசியில் தென்தீவின் மேற்குக்கரையில் உள்ள அராஹுரா ஆற்றில் அகப்பட்டுக்கொள்ளப் போகிறோம் என்று தெரிந்ததும், பூத்தினி அவளைப் பச்சைக்கல்லாக மாற்றி ஆற்றுப்படுக்கையில் கிடத்திவிட்டுத் தப்பிக்கிறது. கணவனின் ஓலம் இன்றும் அந்த மலைகளில் ஒலிக்கிறது என்பார்கள்.

நான் இதை ஒரு கடத்தல் கதையாகத்தான் முதலில் வாசித்தேன். பிறகுதான் தெரிந்தது, தீ மூட்டிய இடங்களில் பல கற்கள் கிடைக்கும் இடங்கள் என்று. தூஹுவாவில் கறுத்த எரிமலைக் கண்ணாடிக்கல். தஹாங்காவில் கோடரி செய்யும் கருங்கல். ரங்கிதொத்தோ தீவில் இறுகிய களிக்கல். மில்ஃபோர்ட் பக்கத்தில் கண்ணீர்த்துளி என்று பெயர்பெற்ற ஒளி ஊடுருவும் பச்சைக்கல். எழுத்து இல்லாத சமூகம் ஒரு நாட்டின் கனிம வரைபடத்தைக் கணவன்-மனைவி கதையாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. கதையை நீக்கிவிட்டுக் கல்லை மட்டும் அலமாரியில் வைத்தால் இழப்பது எவ்வளவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தென்தீவின் ஙாய் தாஹு மக்களுக்குத் தங்கள் பிரதேசத்தின் பவுனமு மீதான உரிமை 1997இல் சட்டம் ஒன்றின் மூலம் திரும்பக் கிடைத்தது.

இன்னொரு வகை ‘வாகா ஹுயியா’ எனப்படும் மூடியுள்ள மரப்பெட்டி. தலைவர்கள் தலையில் சூடும் இறகுகளையும் நகைகளையும் அதில் வைத்து வீட்டுக் கூரையில் கட்டித் தொங்கவிடுவார்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவது பெட்டியின் அடிப்பக்கம்தான். அதனால் மேலே எவ்வளவு வேலைப்பாடோ அவ்வளவு வேலைப்பாடு அடியிலும் இருக்கும். மேசையில் நிமிர்த்தி வைக்கும் அருங்காட்சியகம் அதன் பாதி முகத்தை மறைத்துவிடுகிறது. பெட்டிக்குப் பெயர் தந்த ஹுயியா பறவை இப்போது இல்லை. 1901இல் நியூசிலாந்துக்கு வந்த யோர்க் கோமகன் தன் தொப்பியில் அதன் வெள்ளை நுனி இறகைச் சூடிக்கொள்ள, அது பிரித்தானியாவிலும் நாகரிகமாகிவிட்டது. உறுதிசெய்யப்பட்ட கடைசிப் பறவையை 1907இல் கண்டார்கள்.

நியூயோர்க்கில் ஒரு விடியற்காலை

நீண்ட காலம் வெள்ளையர் நடத்திய அருங்காட்சியகங்களில் இவை ‘ஆதிவாசிக் கைப்பணிகள்’ என்ற வரிசையில் பாடம்செய்த பறவைகளுக்குப் பக்கத்தில் கிடந்தன. அந்த நிலை மாறிய நாளுக்குத் திகதி இருக்கிறது. 1984 செப்டெம்பர் 10ஆம் திகதி, நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தின் படிகளில், விடிவதற்கு முன் மாவோரி மூத்தோர் மந்திரம் ஓதியபடி ஏறினார்கள். ‘தே மாவோரி’ என்ற அந்தக் கண்காட்சியில் 174 தாஒஙாக்கள் இருந்தன. அவை வெளிநாடு போவதற்கு அருங்காட்சியகங்களின் சம்மதம் மட்டும் போதவில்லை. அந்தந்தக் குலங்களின் சம்மதமும் கேட்கப்பட்டது. கூடவே குல மூத்தோரும் போனார்கள். சென் லூயிஸ், சான் பிரான்சிஸ்கோ, சிக்காகோ என்று சுற்றி 1986இல் நாடு திரும்பியபோது, சொந்த நாட்டில் சுமார் 9 இலட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். அந்நாட்டின் மொத்தச் சனத்தொகையே அப்போது 33 இலட்சம் அளவில்தான்.

அந்தப் பெருமைமிகு கண்காட்சியில் ஒன்று இருக்கவில்லை. மரம், கல், எலும்பு மட்டுமே போயின. அவை பெரும்பாலும் ஆண்கள் செதுக்கியவை. பெண்கள் நெய்த ஓர் ஆடைகூட இல்லை. மாவோரிப் பெண்களே இதை அப்போது கேட்டார்கள். அக்கா என்னிடம் கேட்டதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

அந்த ஆடைகள் தறியில் நெய்யப்படுபவை அல்ல. ஹரகெக்கே என்ற நீண்ட இலைத் தாவரத்தின் இலையை மட்டிச் சிப்பியால் சுரண்டி, பட்டுப்போன்ற நாரை எடுத்து, இரண்டு குச்சிகளுக்கிடையே கட்டிய நூலில் விரல்களாலேயே முறுக்கிப் பின்னுவார்கள். இலை வெட்டுவதற்கும் ஒழுங்கு உண்டு. நடுக்குருத்து பிள்ளை, அதன் இருபுறமும் உள்ள இலைகள் தாயும் தகப்பனும். இந்த மூன்றையும் தொடக்கூடாது, வெளி இலைகளை மட்டும் எடுக்கலாம். குடும்பத்தை விட்டுவைத்தால் செடி பிழைக்கும். கறுப்புச் சாயத்துக்கு நாரை முதலில் மரப்பட்டைக் கஷாயத்தில் ஊறவைத்து, பின்னர் இரும்புச் சத்துள்ள சேற்றில் புதைத்து எடுப்பார்கள். அந்தச் சாயமே நூற்றாண்டு கடந்ததும் நாரை அரித்துவிடுகிறது. பழைய ஆடைகளில் வெள்ளை நூல் உறுதியாக இருக்க, கறுப்பு நூல் மட்டும் தூளாய் உதிர்வதைத் தடுக்க அருங்காட்சியக விஞ்ஞானிகள் இன்னும் போராடுகிறார்கள்.

இந்த அறிவு அறுந்துபோகாமல் இருந்ததற்குச் சொல்லவேண்டிய பெயர்களில் ஒன்று ரங்கிமாரி ஹெத்தெத். 1892இல் பிறந்து 1995 வரை வாழ்ந்தவர். நெசவு நுட்பங்களைக் குலத்துக்கு வெளியே கற்றுக்கொடுப்பதில்லை என்ற வழக்கம் இருந்த காலத்தில், 1951இல் தொடங்கிய மாவோரி மகளிர் நலன்புரிச் சங்கத்தின் ஊடாக எந்தக் குலத்துப் பெண்ணுக்கும் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் டிகரெஸ் தே கனவா அதைத் தொடர்ந்தார். வழக்கத்தை மீறியதால்தான் வழக்கம் பிழைத்தது.

‘அன்பளிப்பு’ என்று எழுதிய அட்டை

இனி, ஒரு விவரணை அட்டை என்னவெல்லாம் செய்யும் என்பதற்குப் புகாக்கியின் கதை.

புகாக்கி என்பவர் ரொட்டோருவாப் பகுதியின் ஙாத்தி ஃபகாவே குலத்தின் 18ஆம் நூற்றாண்டுத் தலைவர். 1836 அளவில் அக்குலத்தின் கோட்டை வாயிலுக்காக தே தவுபுவா என்ற சிற்பி அவரை ஒரே மரத்தில் செதுக்கினார். புகாக்கி தன் இரண்டு ஆண்பிள்ளைகளையும் மார்போடு அணைத்தபடி நிற்கிறார். கால்களுக்கிடையே மனைவி ஙாபுயா. வாசலில் நிற்கும் காவலன் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருக்கிறான். நான் பார்த்த கோட்டைக் காவற் சிற்பங்களில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

1877இல் குலத்தின் தலைவர்கள் இந்தச் சிற்பத்தை நீதிபதி ஃபென்டனிடம் கையளித்தார்கள். நிலம் தொடர்பாக அரசுடன் செய்துகொள்ளும் இணக்கத்துக்கு அடையாளமாக, முடியின் பிரதிநிதி என்ற வகையில்தான் அவரிடம் கொடுத்தார்கள். ஃபென்டன் அதை ஒக்லாந்து அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். அட்டையில் ஃபென்டனின் அன்பளிப்பு என்று பதிவாகியது. ஒரு மக்கள் கூட்டம் அரசிடம் நம்பி ஒப்படைத்த சாட்சி, ஒரு தனிமனிதரின் தாராள குணத்துக்குச் சாட்சியாகிவிட்டது. 120 ஆண்டுகள் அப்படியே நின்றது. தே மாவோரிக் கண்காட்சியோடு அமெரிக்கா போய் வந்தது. 1990இல் நியூசிலாந்தின் 20 சத நாணயத்தில் அதன் உருவம் பொறிக்கப்பட்டது. நாடு முழுவதும் சட்டைப்பையில் வைத்திருந்த அந்த முகத்தின் கதை மட்டும் யாருக்கும் தெரியாது.

அட்டை தவறு என்பதை வெளிக்கொண்டு வந்தவர் அதே மக்களின் வழித்தோன்றலான ஆய்வாளர் போல் தாப்செல். ஊர் மூத்தோரின் வாய்மொழியையும் பழைய ஆவணங்களையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்து, சிற்பம் யாரால் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று எழுதினார். 1997 ஒக்டோபரில் புகாக்கி ரொட்டோருவாவுக்குத் திரும்பினார். இப்போது அந்த ஊரின் மாநகரசபைக் கட்டடத்தில் நிற்கிறார். தாப்செல் ஓர் உவமை சொல்வார். சில தாஒஙாக்கள் தூயி பறவையைப் போலக் காட்டுக்குள் மறைந்தும் வெளிப்பட்டும் அடிக்கடி கண்ணில் படும். சில வால்வெள்ளியைப் போலப் பல தலைமுறைக்குக் காணாமல் போய், பிறகு ஒருநாள் திரும்பி வரும். எந்தத் திசையில் வருமென்று தெரிந்து காத்திருப்பவர்கள் வேண்டும்.

எல்லாம் இப்படிக் கௌரவமாகப் போனவை அல்ல. கிஸ்போர்ன் நகருக்கு அருகே ராஹாருஹி ருக்குபோ என்ற பெரும் சிற்பி 1840களில் தன் இறந்த சகோதரனின் நினைவாக எழுப்பிய ‘தே ஹவு கி தூரங்கா’ என்ற மண்டபத்தை 1867இல் அரசு ஆட்களைக் கொண்டு பிரித்துக் கப்பலேற்றியது. அதே ஆண்டில் ருக்குபோ பாராளுமன்றத்துக்கு மனு எழுதினார். அவர் காலத்தில் அது திரும்பவில்லை. 2012ஆம் ஆண்டின் தீர்வுச் சட்டம்தான் ரொங்கோஃபகாட்டா மக்களுக்கு அதன் மீதுள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது. 145 ஆண்டுகள்.

மொத்துநூயிப் பலகைகளின் கதை இதைவிடச் சினிமாத்தனமானது. 1820களின் துப்பாக்கிப் போர்களின்போது தரனாக்கிப் பகுதியின் தே ஆத்தி அவா மக்கள், தங்கள் களஞ்சியத்தின் ஐந்து சிற்பப் பலகைகளைச் சதுப்பு நிலத்தில் புதைத்து வைத்தார்கள். காற்றுப் புகாத சேற்றில் மரம் அழுகாமல் கிடந்தது. 1972இல் வாய்க்கால் வெட்டும்போது வெளிப்பட்டது. ஒரு வர்த்தகர் வாங்கி, அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோய், 65,000 அமெரிக்க டொலருக்கு ஜெனீவாவில் இருந்த ஜோர்ஜ் ஓர்டிஸ் என்ற செல்வந்தருக்கு விற்றார். 1977இல் அவருடைய மகள் கடத்தப்பட்டாள். கப்பப் பணத்தால் ஏற்பட்ட கடனை அடைக்க அவர் 1978இல் சேகரிப்பை இலண்டனில் ஏலத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் பலகைகள் இருப்பது நியூசிலாந்துக்குத் தெரிந்தது. அரசு வழக்குப் போட்டது. 1983இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. நாட்டைவிட்டுப் போகுமுன் சுங்கம் அவற்றைக் கைப்பற்றியிருந்தால் மட்டுமே அவை அரசுடைமை ஆகியிருக்கும் என்பது தீர்ப்பு. ஓர்டிஸ் 2013இல் இறந்த பிறகு, அடுத்த ஆண்டு 45 இலட்சம் நியூசிலாந்து டொலர் கொடுத்து அவற்றை மீட்டார்கள். திருடப்பட்ட பொருளைச் சொந்தக்காரனே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இன்று அவை நியூ பிளைமவுத் நகரின் புக்கே அரிக்கி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பச்சை குத்திய, பதப்படுத்தப்பட்ட மனிதத் தலைகளான ‘தொய் மொக்கோ’வை இந்தப் பட்டியலில் சேர்ப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவை பொருட்கள் அல்ல, மனிதர்கள். அன்புக்குரியவரின் முகத்தைப் பாதுகாக்கும் வழக்கமாக இருந்ததைத் துப்பாக்கி வாங்கும் அவசரம் வியாபாரமாக்கியது. 1831இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் அந்த வியாபாரத்தைத் தடைசெய்தார். 2003இலிருந்து தே பாப்பா அரசின் சார்பில் ஒரு மீட்புத் திட்டத்தை நடத்துகிறது. பிரான்ஸின் ரூவான் நகரம் 2007இல் தன்னிடமிருந்த ஒன்றைக் கொடுக்க முன்வந்தபோது, அது பிரான்ஸின் தேசியச் சொத்து என்று மத்திய அரசு தடுத்தது. தனிச் சட்டம் இயற்றி 2011இல்தான் அனுப்ப முடிந்தது. மறு ஆண்டு மேலும் 20 திரும்பின. வந்தவர்களைத் தே பாப்பா காட்சிக்கு வைப்பதில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு, எல்லாம் திரும்ப வேண்டும் என்பதுதான் மாவோரிகளின் நிலைப்பாடு என்று நினைத்துவிடக்கூடாது. நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். சிக்காகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் ஒரு முழு மாவோரி மண்டபம் நிற்கிறது. தொக்கொமரு குடா மக்கள் 1881இல் கட்டியது. கடலடியில் தூண்களின் பேச்சைக் கேட்ட அதே தகப்பனின் பெயரைக் கொண்டது. விற்கப்பட்டு, ஹம்பர்க் வர்த்தகர் ஒருவர் கைக்குப் போய், 1905இல் சிக்காகோ வந்தது. தே மாவோரிக் கண்காட்சியோடு அங்கே போன ஊரவர்கள் அதைப் பார்த்தார்கள், பேசினார்கள். அது அங்கேயே இருக்கட்டும், ஆனால் காட்சிப்பொருளாக அல்ல, எங்கள் மண்டபமாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். அருங்காட்சியகமும் ஊரும் சேர்ந்து 1993இல் அதைப் புதுப்பித்து முடித்தன. அங்கே இன்றும் மாவோரி முறைப்படி விருந்தினரை வரவேற்கிறார்கள். ஊரில் நடப்பதுபோல, வருபவர்களை முதலில் கூவி அழைப்பது ஒரு பெண்ணின் குரல்.

மணிக்குத் திரும்புகிறேன். அதில் பெயர் பொறித்த முகையதீனைத் தெரியும். வாங்கிப்போன கொலென்சோவைத் தெரியும். இடையில் அதை வைத்திருந்த பெண்களின் பெயரை நான் வாசித்த குறிப்புகள் எதிலும் காணவில்லை. கப்பல் மணியாக அது ஒலித்தது எத்தனை காலமோ, ஒரு குடும்பத்தின் அடுப்பில் இருந்ததும் அதன் வாழ்க்கைதான். பழைய கட்டுரையின் தலைப்பை மாற்றச் சொல்லி அதை வெளியிட்டவர்களுக்கு எழுதினேன், மாற்றிவிட்டார்கள். வட்ஸ்அப்பில் சுற்றுவதை மாற்ற முடியாது.

இந்தக் கட்டுரையின் வரைவை அக்காவுக்கு அனுப்பினேன். மறுநாள் அழைத்தார்.

“உருளைக்கிழங்கு எண்டு மட்டும் போட்டிருக்கிறாய். அவை அதைத் தாயேவா எண்டுவினம். எங்கட இல்லத்தில இருக்கிற மாவோரி அம்மா ஒராள் சொன்னவ, அதிலயும் பழைய இனங்கள் இருக்காம், வீட்டுக்கு வீடு விதைக்கிழங்கு குடுத்துக் குடுத்துக் காப்பாத்தி வைச்சிருக்கினம். உரெனிக்கா எண்டு ஒண்டு, உள்ளையும் ஊதா நிறம். சந்தையில கண்டு வாங்கினனான்.”

“எப்பிடி இருந்தது?” என்று கேட்டேன்.

“நல்ல மாப்பிடிப்பு. அவிச்சா உடையுது. சட்டியில தண்ணியைக் குறைச்சு வைக்க வேணும்” என்றார்.